மாதா ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறாள்

ஈப்போவில் ஒரு தமிழ் வீட்டில் "மதம் மாறலாம்னு யோசிக்கிறேன்" என்று சொன்னால், கேட்பவருக்கு முதலில் சாமி ஞாபகம் வராது. கோர்ட்டு ஞாபகம் வரும். இந்திரா காந்தி வழக்கு எங்கள் ஊர் வழக்கு. 2009இல் அவருடைய கணவர் இஸ்லாத்துக்கு மாறினார். தாயைக் கேட்காமலே மூன்று பிள்ளைகளையும் மாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாலர்பள்ளி ஆசிரியையான அந்தப் பெண் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கினார். பெற்றோர் இருவரின் சம்மதமும் இல்லாமல் பிள்ளைகளை மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது 2018 ஜனவரி 29இல். அன்று அந்தக் கடைசிக் குழந்தைக்கு ஒன்பது வயது. அன்றும் அவள் தாயிடம் இல்லை.

அதற்கு முன்னால் மூர்த்தி. எவரெஸ்ட் போன மலேசியக் குழுவில் இருந்த ராணுவ வீரர். 2005 டிசம்பரில் இறந்தார். மனைவி இந்து முறைப்படி காரியம் செய்யத் தயாரானபோது, அவர் மதம் மாறியவர் என்று சொல்லி உடலைக் கேட்டார்கள். ஷரியா நீதிமன்றம் சொன்னபடி முஸ்லிமாகவே புதைக்கப்பட்டார். அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா சட்டென்று டிவியை அடைத்துவிட்டு வெளியே போனது நினைவிருக்கிறது.

ஆகவே நான் கத்தோலிக்கத் திருச்சபையில் சேரலாமா என்று யோசிப்பதாக அம்மாவிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "ஐசியில மாத்திருவாங்களா?" என்றுதான். இல்லம்மா, நம்ம கார்டுல மதமே போடறதில்ல, முஸ்லிம்களுக்கு மட்டும்தான் இருக்கும் என்றேன். ஒரு இந்து கிறிஸ்துவனாக எந்த அலுவலகத்துக்கும் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார். அந்தச் 'சரி' சம்மதம் இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மற்றவர்கள் கேட்ட கேள்விகள் எளிமையானவை. "பொண்ணா?" என்றான் கூட வேலை செய்பவன். "காசு குடுக்கறாங்களா?" என்றார் மாமா. நிறையப் படிக்கும் நண்பன் ஒருவன், காலனிய மனநிலை பற்றி வாட்ஸ்அப்பில் மூன்று நிமிடக் குரல்பதிவு அனுப்பினான். பெண் இல்லை. காசும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை உண்டியலில் நான்தான் போடுகிறேன். காலனியம் பற்றி அவன் சொன்னதில் பாதி உண்மை. பத்து காஜா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த குடும்பத்துக்கு அதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கெல்லி அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1918 வாக்கில் உலகமெங்கும் பரவிய காய்ச்சலில் ஆட்கள் செத்து விழுந்தபோது, தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதற்காக வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை கட்டிக்கொடுத்தது. அதன் மேலே சாமி சிலைகளோடு துரையும் நிற்கிறார் என்று காட்டுவார்கள். அரண்மனையை முடிக்காமலே துரை 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார். கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது. வெள்ளைக்காரனைக் கோபுரத்தில் ஏற்றிவைத்துக் கும்பிட்ட ஜனங்களைப் பற்றிக் காலனிய மனநிலை என்று ஒரே வார்த்தையில் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. துரை மதம் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று மாறித்தான் இருக்கிறது.

எனக்கு இது தொடங்கியது ஒரு நவம்பர் மாதத்தில். உடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவரின் தகப்பனார் இறந்து அடக்கத்துக்குப் போயிருந்தேன். சில வாரம் கழித்து, "சாயங்காலம் அப்பாவுக்குப் பூசை இருக்கு, வர்றியா?" என்று கூப்பிட்டார். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அந்த மாதம் முழுவதும் கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காக வேண்டுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதில் எல்லாரும் தங்கள் வீட்டுச் செத்தவர்களின் பெயரை எழுதிப் போடுகிறார்கள். அண்ணன் ஒரு வெள்ளைத் தாளை என்னிடமும் நீட்டினார். "எங்கப்பா இந்து" என்றேன். "அதுக்கென்ன?" என்றார். எழுதிப் போட்டேன். சாமியார் பெயர்களை வாசித்தார். சூசைகள், அந்தோணிகள், சீனப் பெயர்கள், நடுவில் லாரி ஓட்டி ரத்த அழுத்தத்தில் செத்துப்போன என் அப்பாவின் பெயர். அதைக் கேட்டு அங்கிருந்த முந்நூறு பேர் ஒரு வரி வேண்டினார்கள். அப்பாவை அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

இது ஏன் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். அப்பாவின் திதிக்கு ஒவ்வோர் ஆண்டும் நான்தான் உட்காருகிறேன், ஒரே மகன். ஐயர் பெயர் கேட்பார். அப்பா பெயர், தாத்தா பெயர், தாத்தாவின் அப்பா பெயர். முதல் இரண்டும் சொல்வேன். மூன்றாவது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கும் தெரியாது. மாமனாரின் பெயரைச் சொல்லக்கூடாது என்று சொல்லாமலே இருந்து மறந்துபோனது என்றது. அந்த மனிதர் கப்பலேறி வந்து, பால்மரம் வெட்டி, இங்கேயே எங்கோ புதைக்கப்பட்டவர். செக்ரோலில் ஒரு எண்ணாக இருந்திருப்பார். செக்ரோல் போன இடம் தெரியவில்லை. பெயர் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது, ஐயர் எதையோ சொல்லி நிரப்பிவிடுவார். சடங்கில் குறை இல்லை. ஆனால் அந்த ஒரு நொடி, ஐயர் என் முகத்தைப் பார்க்க, நான் எள்ளையும் தண்ணீரையும் பார்க்கும் அந்த நொடியில், மூன்று தலைமுறையை எங்களிடமிருந்து யாரோ பிடுங்கிக்கொண்டது போல இருக்கும். கோயிலில் அந்தப் பெட்டி தெரிந்த பெயரை மட்டும் கேட்டது.

இது ஒரு மதத்தில் சேரப் போதுமான காரணமா? இல்லை. எனக்கே தெரியும். அதனால்தான் வகுப்புக்குப் போனேன்.

பெரியவர்கள் ஞானஸ்நானம் வாங்குவதற்கான வகுப்பை இங்கே எல்லாரும் ஆர்.சி.ஐ.ஏ. என்றுதான் சொல்வார்கள். ஒரு வருடத்துக்குப் பக்கம் நடக்கும். வாரம் ஒரு இரவு; தவக்காலத்தில் ஆயர் முன்னால் பெயர் கொடுத்து, ஈஸ்டருக்கு முந்தின இரவு தண்ணீர். நான் போகும் பங்கின் பெயர் இங்கே வேண்டாம். எங்களோடு ஆறு பேர். அதில் நான்கு பேர் கல்யாணத்துக்காக வந்தவர்கள் (என் நண்பனின் கேள்வி முழுக்கத் தப்பில்லை). பாடம் நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எழுபது வயதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான், சாமியாருக்கும்.

எனக்கு முதலில் சுகமாக இருந்தது மொழி. டீச்சர் சர்ச் என்று சொல்வதே இல்லை, கோயில். திருப்பலி என்று புத்தகத்தில் இருந்தாலும் அவர் வாயில் பூசை. கொடியேற்றம், தேர், நேர்ச்சை, மொட்டை எல்லாம் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடி எடுக்கும் தெருவில் வளர்ந்தவனுக்கு, சிலிபின் லூர்து மாதா கோயில் வேற்றுக்கிரகமாகத் தெரியாது. இதற்குப் பின்னால் நானூறு வருடச் சண்டை இருக்கிறது என்று பின்னால்தான் படித்தேன். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, கிறிஸ்துவனாக மாறுகிறவன் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விடத் தேவையில்லை என்றார். மற்ற பாதிரிகள் ரோமுக்குப் புகார் எழுதினார்கள். 1623இல் போப் பதினைந்தாம் கிரகரி நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அதில் பலவற்றை இறுக்கிவிட்டார். தமிழன் நெற்றியில் என்ன இருக்கலாம் என்பதை இத்தாலியில் உட்கார்ந்து விவாதித்திருக்கிறார்கள். சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது. அவ்வளவு பொருட்படுத்தியிருக்கிறார்களே.

ஆனால் இந்த மொழிச்சுகத்தை நான் நம்பவில்லை. பழகிய வார்த்தையில் கூப்பிடுவதால் மட்டும் ஒரு வீடு நம் வீடாகிவிடாது. அதை எனக்குப் புரியவைத்தவர் அம்மா.

அம்மாவின் பயத்துக்கு ஒரு முகம் உண்டு. என் மாமா மகன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்தான். கத்தோலிக்கம் இல்லை, வேறு. எந்தக் கூட்டம் என்பது இங்கே முக்கியமில்லை. சேர்ந்த மூன்றாம் மாதம் வீட்டு சாமிப் படங்களை எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டுக் குப்பைத்தொட்டியில் வைத்தான். ஆயா கும்பிட்ட முனியாண்டியைப் பேய் என்றான். சொந்தத் தாத்தாவின் காரியத்தில் பந்தலுக்கு வெளியே மோட்டார்மேல் உட்கார்ந்திருந்தான். பாட்டி கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அம்மாவின் மனதில் மதம் மாறியவன் என்றால் அந்த மோட்டார்மேல் உட்கார்ந்திருப்பவன்தான்.

வெங்காயம் நறுக்கிய இரண்டு நாள் கழித்து அம்மா பேசினார். சாமிமேடையைக் காட்டினார். அங்கே பிள்ளையார், முருகன், மாரியம்மன், லட்சுமி, சாய்பாபா, நடுவில் ஜரிகைச் சேலையோடு வேளாங்கண்ணி மாதா.

"மாதா இங்கதான இருக்காங்க? ஒங்கப்பாவுக்குச் சின்னதுல ஒடம்புக்கு முடியாம போனப்ப, ஆயா புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா கோயிலுக்கு நேந்துகிட்டுப் போயி மெழுகுவத்தி ஏத்துனுச்சு. மாரியாத்தா கோவிச்சுக்கிட்டாளா? நான் அவங்கள உள்ள வச்சேன்டா. நீ அங்க போனா இவங்கள வெளிய வைக்கணும்கிற. அது என்னா நியாயம்?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு ஜூலை மாதம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் கத்தோலிக்கர்களே இல்லை. பொட்டு வைத்த பெண்கள், ஊதுபத்தி பிடித்த சீனர்கள். 2019இல் அதைச் சிறிய பசிலிக்காவாக ரோம் உயர்த்தியபோது, உயர்த்தியதில் ஆயா ஏற்றிய மெழுகுவத்திக்கும் பங்கிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாங்கிக்கொள்ளும்போது எல்லாரிடமும் வாங்கிக்கொள்கிற கோயில், உள்ளே சேர்க்கும்போது மட்டும் மற்றதை விட்டுவிட்டு வா என்கிறது. அம்மா சொன்னது இதைத்தான். எத்தனையோ புத்தகங்களில் இந்தக் கேள்வியைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எங்கும் படித்ததில்லை.

அடுத்த வகுப்பில் கேட்டேன். ஞானஸ்நானத்தின்போது சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று கேட்பார்கள், விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அதில் முனியாண்டி சேர்த்தியா?

மற்ற ஐந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு 1965இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை ஒன்றைப் பற்றிச் சொன்னார். மற்ற மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் இருப்பது எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அதில் இருக்கிறது, இந்து மதத்தைப் பெயர் சொல்லியே பேசுகிறது என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். மரியாதையான எழுத்துதான். ஆனால் அதில் இருக்கும் இந்து மதம் தியானமும் தத்துவமும் பக்தியும் கொண்ட இந்து மதம். சுருட்டும் கள்ளும் கேட்கிற, எல்லையில் அரிவாளோடு நிற்கிற எங்கள் ஆளுக்கு அதில் இடம் இருக்கிறதா என்று அந்த அறிக்கையிலிருந்து தெரியவில்லை. (சரியாகச் சொன்னால், நம்மூர் சைவப் பெரியவர்கள் பலருடைய இந்து மதத்திலும் அவருக்கு இடமில்லை.)

அடுத்த வாரம் இதைச் சொன்னதும் டீச்சர், "கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி தம்பி. ஒருத்திய கட்டிக்கிட்டா மத்த பொண்ணுங்கள்லாம் கெட்டவங்கன்னு அர்த்தம் இல்ல" என்றார். எல்லா மதத்துப் போதகர்களும் ஏன் கடைசியில் கல்யாண உவமைக்கே ஓடுகிறார்கள்? முனியாண்டி நான் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன பெண் இல்லை. என் ஆயாவுக்குக் காவல் நின்றவர்.

அந்தக் காவலைப் பற்றித்தான் பிறகு நிறைய யோசித்தேன். தோட்டத்தில் விடிகாலை நாலரைக்குப் பெரட்டு. இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்புக்கும் புலிக்கும் மண்டோருக்கும் பயந்து பெண்கள் நிரைக்குள் நடந்து போவார்கள். நிரை முடிகிற இடத்தில் ஒரு மரத்தடியில் முனியாண்டி: மூன்று கல், ஒரு சூலம், மஞ்சள் துணி. அவரைத் தாண்டும்போது ஆயா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தாண்டும். பொய் சொன்னால் தண்டிப்பார். நேர்ந்ததைச் செய்யாவிட்டால் கனவில் வருவார். அது சௌகரியமான சாமி இல்லை. ஆயாவை அவர் கேள்வி கேட்டார். ஆயா பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தது. பால்மரத்தை வெட்டிவிட்டு செம்பனை போட்டார்கள். பிறகு அதையும் அழித்துத் தாமான் கட்டினார்கள். லயத்து ஆட்கள் மலிவு வீடுகளுக்குச் சிதறினார்கள். மரம் போனது. மூன்று கல்லை யாரோ பக்கத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போய், இப்போது ஓடு ஒட்டிய சுவரோரம் வைத்திருக்கிறார்கள். ஐயர் வந்து அர்ச்சனை செய்கிறார். காவல் காக்க அங்கே எல்லை எதுவும் இல்லை. பக்கத்தில் கார் நிறுத்துமிடம்.

மூன்றாம் மாடியில் வளர்ந்த எனக்கு, சாமிமேடையில் இருக்கும் பத்துப் பேரில் யாரும் எதையும் கேட்டதில்லை. பரீட்சைக்கு ஒருவர், காய்ச்சலுக்கு ஒருவர், வேலைக்கு ஒருவர். நான் கூப்பிட்டால் வருவார்கள், வேலை முடிந்ததும் படத்துக்குள் போய்விடுவார்கள். இது அவர்கள் குறை அல்ல. நான் ஆயாவைப் போலக் கும்பிடவில்லை. ஆயாவைப் போலக் கும்பிட அந்தத் தோட்டம் வேண்டும். ஆக, முனியாண்டியை விட்டு நான் போகிறேன் என்பது முழு உண்மை இல்லை. நிலம் விற்கப்பட்ட அன்று ஒரு பிரிவு ஏற்கெனவே நடந்துவிட்டது. அதில் யாரும் எங்களிடம் விட்டுவிடுகிறாயா என்று கேட்கவில்லை.

இதை நண்பனிடம் சொன்னபோது, "நல்ல வாதம். ஆனா இத வச்சு நீ மறுபடி ஆயா சாமியத் தேடிப் போலாமே, ஏன் அங்க போற?" என்றான். நியாயமான அடி. சுங்கை சிப்புட்டிலும் தைப்பிங்கிலும் தோட்டம் போன பிறகும் கோயிலைக் காப்பாற்றி, திருவிழா நடத்தி, பழைய லயத்து ஆட்களை வருடத்துக்கு ஒருமுறை கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். ஆனால் பொறாமையால் நம்பிக்கை வந்துவிடுவதில்லை. கோயில் பெஞ்சில் உட்காரும்போது மட்டும் என்னிடம் ஏதோ கேட்கப்படுவது போல இருக்கிறது. யார் கேட்கிறார்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அப்பம் உடலாகிறது என்று ஒரு வாரம் நம்புகிறேன். மறுவாரம் அதை மாவுத்தகடாகவே பார்க்கிறேன். டீச்சரிடம் சொன்னேன். "எனக்கும் சில வாரம் அப்படித்தான்" என்றார். ஐம்பது வருடமாக நற்கருணை வாங்குகிறவர் இப்படிச் சொன்னது எந்த விளக்கத்தையும்விட எனக்கு உதவியது.

சாதி பற்றியும் சொல்லியாக வேண்டும். திருச்சபைக்குள் போனால் அதாவது தொலையும் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன். தோட்டத்தில் லயம் பிரித்தது முதல் பெண் கொடுப்பது வரை அது எங்களோடு கப்பலில் வந்தது. பிறகு வடக்கன்குளத்தைப் பற்றி வாசித்தேன். திருநெல்வேலிப் பக்கம், 1872இல் கட்டிய கோயில். ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு கால்கள்போலப் பிரிந்த இரண்டு கூடங்கள். நாடார் ஒருபுறம், வெள்ளாளர் ஒருபுறம், நடுவில் சுவர். கால்சட்டைக் கோயில் என்றே பெயர். 1910இல் பிரெஞ்சுப் பாதிரியார் கௌசானல் சுவரை இடித்தார். வழக்கு, தகராறு, எல்லாம் நடந்தது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே செத்தவர்களைப் பிரிக்கவும் ஒரு சுவர் உண்டு. தண்ணீர் ஊற்றி சாதி கழுவப்படும் என்றால் வடக்கன்குளத்தில் எப்போதோ கழுவப்பட்டிருக்கும். எங்கள் பங்கில் சுவர் எதுவும் இல்லை. ஆனால் பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது ஒரு பாட்டி, "தாத்தா எந்த ஊருப்பா, எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் சுவரை நான் நன்றாகவே அறிவேன்.

பாதிரிகளின் பாலியல் குற்றங்கள் பற்றிச் சாமியாரிடம் நேராகவே கேட்டேன். 2018இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா விசாரணை அறிக்கையில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாதிரிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர் "உலகத்துல எல்லா இடத்துலயும் இருக்குதான்" என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஆரம்பிக்கவில்லை. "ஆமா. மறைச்சாங்க. அது ரெண்டாவது பாவம்" என்று மட்டும் சொன்னார். மேலே பேசாமல் இருந்தது நல்லதாகப் பட்டது.

இந்த மாதங்களில் எனக்கு மிக நெருக்கமாக இருந்தவர் சிமோன் வெய்ல். பிரெஞ்சு யூதக் குடும்பத்துப் பெண். தொழிற்சாலையில் கூலிவேலை செய்தவர். சமஸ்கிருதம் கற்று கீதை படித்தவர். 1938இல் சோலெம் மடத்தின் ஈஸ்டர் வழிபாட்டில் கிறிஸ்துவின் பாடுகள் பற்றிய எண்ணம் தனக்குள் நுழைந்துவிட்டதாக உணர்ந்தார். ஆனால் தன்னை ஞானஸ்நானம் பெறச் சொன்ன பெரின் பாதிரியாருக்கு 1942இல் எழுதிய கடிதங்களில் மறுத்துவிட்டார். திருச்சபைக்கு வெளியே நிற்கும் எண்ணற்ற மனிதர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ள முடியாது என்பது அவருடைய காரணங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு 34 வயதில் இங்கிலாந்தில் இறந்தார். வாசலில் நின்றேவிட்ட பெண். அவரைப் படிக்கும்போதெல்லாம் அம்மாவின் சாமிமேடை கண்ணில் வரும். ஆனால் ஒரு வித்தியாசம். வெய்ல் தனியாக நின்றார். அவர் முடிவு அவரைத்தான் பாதித்தது. எனக்குப் பின்னால் ஒரு அம்மா இருக்கிறார், கொள்ளி வைக்க ஒரே மகன்.

அதுதான் எல்லாக் கேள்விக்கும் அடியில் இருந்த கேள்வி. ஒருநாள் இரவு சாப்பாட்டு மேசையில் அம்மா நேராகவே கேட்டார். "நான் செத்தா நீ பந்தலுக்கு உள்ள நிப்பியா, வெளிய நிப்பியா?"

"உள்ள" என்றேன். சொன்ன பிறகுதான் அதைச் சொல்ல எனக்கு அனுமதி இருக்கிறதா என்று யோசித்தேன். திருச்சபை 1963இல் தகனத்தை அனுமதித்துவிட்டது. 2016இல் வந்த அறிவுறுத்தல், சாம்பலைக் கடலில் கரைக்கக் கூடாது, வீட்டில் வைக்கவும் கூடாது என்கிறது. அப்பாவின் சாம்பலை லூமுட் கடலில் கரைத்தவன் நான். அது கத்தோலிக்கர்களுக்கான விதி, அம்மாவுக்கானது இல்லை என்பது புரிகிறது. ஆனால் கொள்ளிச்சட்டி தூக்கும் கை யாருடையது? சாமியாரிடம் போனேன். அவர் உடனே, "உங்கம்மாவுக்கு நீங்க மகன். அவங்க நம்பிக்கைப்படி அவங்கள அனுப்பிவைக்கறது உங்க கடமை" என்றார். ஃபாதர், அதுக்கப்புறம் வருசா வருசம் திதி? எள்ளும் தண்ணியும்? அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அத நான் யோசிச்சுத்தான் சொல்லணும்" என்றார். இன்னும் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை.

பிரம்மபந்தவ் உபாத்யாய் என்று ஒரு வங்காளி. 1891இல் ஞானஸ்நானம் பெற்றவர். காவி கட்டிக்கொண்டு, தன்னை இந்துக் கத்தோலிக்கன் என்றே சொல்லிக்கொண்டவர். சமூகத்தால் இந்து, நம்பிக்கையால் கத்தோலிக்கன் என்பது அவர் கணக்கு. திருச்சபை அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 1907இல் கல்கத்தாவில் இறந்தபோது இந்து முறைப்படி எரித்தார்கள். அவருடைய கணக்கு அவர் உயிரோடு இருந்தவரை தாங்கியது. செத்தபோது மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூர்த்தியின் நினைவு வராமல் இதைப் படிக்க என்னால் முடியவில்லை. நம்பிக்கை தனி மனிதன் விஷயம் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறோம். பிணத்துக்கு என்ன செய்வது என்று வரும்போது தனி மனிதன் அங்கே இருப்பதில்லை.

இந்த ஆண்டு தவக்காலத்தில் பெயர் கொடுக்கும் படிவம் வந்தது. புனிதர் பெயர் எழுத ஒரு கட்டம் இருந்தது. வளன் என்று எழுதலாம் என நினைத்திருந்தேன். சூசையப்பருக்கு வீரமாமுனிவர் தேம்பாவணியில் வைத்த பெயர், கேட்பதற்கு ஏதோ தோட்டத்துப் பையன் பெயர்போல இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. டீச்சரிடம், இந்த வருசம் வேண்டாம் டீச்சர் என்றேன். "ஈஸ்டர் வருசா வருசம் வரும் தம்பி" என்று படிவத்தை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவும் இல்லை, என்னிடம் திருப்பித் தரவும் இல்லை. அந்த இரவு மற்ற ஐந்து பேரும் தண்ணீரில் நனைந்து நின்றபோது நான் பின்வரிசையில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டிருந்தேன். மெழுகு ஒழுகிச் சட்டையில் விழுந்தது. பொறாமையாக இருந்ததா என்றால், ஆமாம்.

வகுப்புக்கு இப்போதும் போகிறேன். புதிதாக ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. புதன்கிழமை இரவு மட்டும் சீக்கிரமாகச் சமைத்து வைத்துவிடுகிறார்.

போன வாரம் அம்மா துணி மடித்துக்கொண்டே, "நவம்பர்ல அந்தப் பேரு எழுதிப் போடற பெட்டி வைப்பாங்கள்ல, ஆயா பேரையும் போடலாமா?" என்றார். ஆயா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போடலாம் என்றேன். எந்தப் பெயரை எழுதுவது என்பதில் தகராறு வந்தது. ஆயாவின் ஐசியில் இருப்பது, பதிவு செய்ய வந்த கிராணி காதில் விழுந்ததை எழுதிய பெயர். அந்தப் பெயரில் ஆயாவை யாரும் கூப்பிட்டதில்லை. தோட்டத்தில் எல்லாரும் கூப்பிட்டது வேறு. ஊரில் அதன் அப்பா வைத்தது மூன்றாவது ஒன்று, அதை ஆயா ஒரே ஒருமுறை அம்மாவிடம் சொல்லியிருக்கிறது. அம்மா அதை எழுத வேண்டும் என்கிறார். ஐசி பெயரை எழுதினால்தான் சாமியாருக்கு வாசிக்க வரும் என்று நான். "அவரு தடுமாறி வாசிக்கட்டும்டா" என்றார் அம்மா. தாள் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.